நட்டதை மிதிக்காத கால்

போன வருடம் கிறிஸ்துமஸ் லீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. இடம், பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில், பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊர் மண்டபம். பிள்ளைகளே, நான் ஏழாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். என் எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சர் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் சொல்லப்போகிற விஷயத்தில் பிழை கிடையாது. அதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல், வரப்போரம் நாலு தென்னை, இரண்டு மாடு. ஒரே மகள். அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டி மாடியில் ஒரு டான்ஸ் கிளாஸ் நடக்கிறது. கீழே பால் கேன்கள் உருளும், மேலே பிள்ளைகளின் கால்கள் தடதடக்கும். எது எந்தச் சத்தம் என்று சில சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. டீச்சர் பாலக்காடு டவுனிலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸில் வருவார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். நல்ல மனுஷி. கோபக்காரர். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவை கிளாஸின் ஆண்டு விழா. எங்கள் பக்கம் அதை வார்ஷிகம் என்போம். ஒவ்வொரு வார்ஷிகத்துக்கும் ஒரு தீம் உண்டு. மகள் சேர்ந்த முதல் வருடம் தீம் காடு. அவள் மரமாக நின்றாள். இரண்டாம் வருடம் மழை. அவள் மேகமாக நின்றாள். மரத்துக்கும் மேகத்துக்கும் சலங்கை கிடையாது. ஆடுகிறவர்களுக்குத்தான் சலங்கை. இரண்டு வருடமும் மற்ற பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று என் மனைவி சொல்வாள்.

மூன்றாம் வருடம் தீம் கிருஷி. விவசாயத்துக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். மகள் மாடிப்படியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"அப்பா, நாத்து நடுற டான்ஸுல எட்டுப் பேருங்க. நானும் ஒருத்தி. முன்வரிசைங்கப்பா. சலங்கை உண்டுங்க."

நாற்று நடுகிற டான்ஸ் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மனைவி இறங்கினால் வயலில் கயிறு பிடிக்க வேண்டாம், அவ்வளவு நேராக நடுவாள். ஐப்பசி நடவில் அம்மா பக்கத்தில் நின்று மகளும் இரண்டு வரிசை நட்டாள். ஒரு வரிசை கொஞ்சம் கோணல். மற்றது பரவாயில்லை.

வயலில் இறங்காத பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். நாற்று நடுகிறவர்கள் முன்னால் போக மாட்டார்கள். இடது கையில் முடி என்கிற நாற்றுக் கட்டு, வலது கையால் இரண்டு மூன்றாகப் பிரித்து, கட்டை விரலால் சேற்றில் அழுத்தி, ஓர் அடி பின்னால் வைப்பார்கள். நட்டதெல்லாம் கண் முன்னால் நிற்கும். நட வேண்டியது முதுகுக்குப் பின்னால் கிடக்கும். முன்னால் போனால் நட்டதையே மிதிக்க வேண்டியதுதான். இப்போது எங்கள் பக்கம் நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பேசுகிற பாஷை நமக்குப் புரியாது, நம் பாஷை அவர்களுக்குப் புரியாது. ஆனால் வயலில் இறங்கினால் அவர்களும் பின்னால்தான் போகிறார்கள்.

டான்ஸ் கிளாஸில் மட்டும் எட்டுப் பேரும் முன்னால் போனார்கள்.

மகள் எங்கள் வீட்டுக் களத்தில் அதை ஆடிக் காட்டினாள். குனிவது, வைப்பது, தாளத்துக்கு ஒரு குதி, முன்னால் ஓர் அடி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் மனைவி நின்று பார்த்தாள்.

"அதென்ன அம்மிணி, நட்டுப்போட்டு அதும்மேலயே ஏறிப் போறே? எருமை எறங்குன வயலாட்டம் ஆயிருமே."

"நானும் அதேதானுங்கம்மா சொன்னேன். 'இது ஸ்டேஜ் மோளே, வயல் இல்ல'ன்னுட்டாங்க."

"ஸ்டேஜுன்னா பயிரை மிதிக்கலாமாமா?"

மகள் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தடவை டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. இனி ஒரு தடவை பின்னால் கால் வைத்தால் நடவிலிருந்து எடுத்துவிட்டுத் தென்னைமரமாக நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மேடையின் பின்னால் சின்னப் பிள்ளைகள் ஓலையைப் பிடித்துக்கொண்டு மரமாக நிற்பார்கள். மறுபடியும் மரம். மறுபடியும் வெறுங்கால்.

"நீங்க வந்து சொல்லுங்கப்பா. நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றாள்.

நான் சொன்னால் கேட்பார்களாம். இந்த உலகத்தில் அப்படி நினைத்த ஒரே ஆள் அவள்தான்.

அடுத்த ஞாயிறு பாலை ஊற்றிவிட்டு, காலிக் கேனைக் கையில் பிடித்தபடியே மாடி ஏறினேன். மூன்று நான்கு தாய்மார்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேங்கில் வேலை, ஒருவர் ஸ்கூல் டீச்சர். எல்லோரும் என்னையும் கேனையும் பார்த்தார்கள். டீச்சர் தாளம் தட்டுவதை நிறுத்தினார்.

"வாங்கோ. மோளுடெ அச்சன் அல்லே? மோள் டான்ஸ் நல்லா களிக்கும். பக்ஷே எல்லாத்துக்கும் ஒரு சம்சயம்."

நீங்கள் அவள் அப்பாதானே, மகள் நன்றாக ஆடுவாள், ஆனால் எல்லாவற்றுக்கும் சந்தேகம் கேட்கிறாள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

"அது வந்துங்க டீச்சர், நடவு..."

"நடவுக்கு எந்தா? ஏதாவது தப்பு உண்டா?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தப்பு உண்டா என்று அவர் என்னைக் கேட்டார். நான் நின்றேன். என் வேட்டியில் பால் சிந்தியிருந்தது. எட்டுப் பிள்ளைகளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இல்லீங்க டீச்சர். நீங்க சொல்றதுதானுங்க சரி. நாங்க என்னத்தக் கண்டோம்."

சேற்றில் முப்பது வருடம் நின்றவன் சொன்ன வார்த்தை அது. நாங்கள் என்னத்தைக் கண்டோமாம். பேங்க் அம்மா லேசாகச் சிரித்தார். டீச்சர் மறுபடி தாளம் தட்டத் தொடங்கினார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மொபெட்டில் வீட்டுக்கு வரும்போது காலிக் கேன் வழியெல்லாம் கடகடத்தது. மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வாய்க்கால் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, நீங்க டீச்சர்கிட்டச் சொன்னது பொய்தானுங்களே?"

"பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கோணும் கண்ணு. எல்லாரும் முன்னால போனா நீயும் முன்னால போ. சலங்கை வேணுமா வேண்டாமா?"

"சரிங்க" என்றாள்.

அந்தச் 'சரிங்க' எனக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் ஒன்றுக்கு மூன்று பதில் சொல்கிற பிள்ளை அது. அதற்குப் பிறகு அவள் கிளாஸில் சந்தேகமே கேட்கவில்லையாம். எல்லோரையும் போல முன்னால் போனாளாம். "மோள் இப்ப நல்ல குட்டி ஆயாச்சு" என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை.

மனசு உறுத்தினால் மனிதன் வேறு எதையாவது செய்து அதைச் சரிக்கட்டப் பார்ப்பான். நானும் அப்படித்தான் செய்தேன். கிளாஸில் பச்சைக் காகிதத்தைக் கத்தரித்து நாற்று என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் டீச்சரிடம் போய், விழாவுக்கு நிஜ நாற்று நான் கொண்டுவருகிறேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நடவு சீசன் முடிந்துபோயிருந்தது. அதனால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பாய் அகலத்துக்குச் சேறு குழைத்து, தனியாக விதை போட்டேன். மூன்று வாரத்தில் ஒரு சாணுக்கு மேல் வந்தது. விழா அன்று காலையில் பறித்து, வேரைக் கழுவி, மேடையில் தானாக நிற்கட்டும் என்று இரண்டு மூன்று நாற்றாகச் சேர்த்த ஒவ்வொரு குத்துக்கும் அடியில் ஒரு களிமண் உருண்டை பிடித்தேன். ஆளுக்கு ஆறு, எட்டுப் பேருக்கு நாற்பத்தெட்டு.

என் மனைவி வந்து பார்த்தாள்.

"மிதிக்கறதுக்குக் கொண்டுபோயி நாத்துக் குடுக்கறீங்களாக்கு?"

"சும்மா இரு புள்ள. அழகா இருக்குமுன்னுதான்."

"காயிதத்தை மிதிச்சா மிதிச்சுட்டுப் போவுது. இது உசுரு."

எங்கள் வீடுகளில் ஒரு நெல்மணி மேல் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நாற்பத்தெட்டையும் கூடையில் அடுக்கி ஈரத்துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் பாராட்டுவார் என்று ஒரு ஆசை. வேறென்ன.

மூன்று மணிக்கு விழா. மண்டபம் நிறைந்துவிட்டது. முன்னால் நாற்காலிகளில் விருந்தாளிகளும் பெற்றோர்களும். நான் அங்கே ஓரமாக உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சில் என் மனைவியும் அவளோடு நடவுக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேரும். அவர்களை என் மகளே வீடு வீடாகப் போய், "நாத்து நடுற டான்ஸுங்க அக்கா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தாள். அத்தனை பேரும் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஏர் ஓட்டுகிற டான்ஸ் முடிந்தது. திரை மறுபடி விலகியது. பின்னால் ஆறு தென்னைமரங்கள். அதில் ஒரு மரம் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. எட்டுப் பிள்ளைகளும் பச்சைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது கைத் தட்டில் நாற்றோடு, நாலு நாலு பேராக இரண்டு வரிசையில் வந்து நின்றார்கள். முன்வரிசையில் இரண்டாவதாக என் மகள். காலில் சலங்கை. வந்ததும் ஒரு தடவை குனிந்து அதைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

முதல் தாளத்துக்கு எட்டுப் பேரும் குனிந்தார்கள். முதல் குத்தை வைத்தார்கள். களிமண் உருண்டை பிடித்துக்கொண்டது. மர மேடையில் எட்டுக் குத்து நாற்று நிஜமாகவே நின்றது. மண்டபமே ஆ என்றது. எனக்கும் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த தாளம். ஏழு பேரும் காலைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். நாற்று சாய்ந்தது. களிமண் நசுங்கியது. ஒரு பிள்ளைக்கு வழுக்கி, கையை விரித்துச் சமாளித்துக்கொண்டது.

என் மகளும் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. சலங்கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் நாற்றைப் பார்த்தாள். அடுத்த தாளமும் வந்துவிட்டது. 'வைத்துவிடு கண்ணு, வைத்துவிடு, மரமாக்கிவிடுவார்கள்' என்று மனசுக்குள் கெஞ்சினேன். இன்றைக்கு அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் காலைப் பின்னால் வைத்தாள்.

குனிந்து இரண்டாவது குத்தை நட்டாள். மறுபடி பின்னால் ஓர் அடி. மூன்றாவது குத்து. திரை ஓரத்தில் டீச்சரின் பாதி முகம் தெரிந்தது. "முன்னோட்டு மோளே, முன்னோட்டு" என்று முன்னால் போகச் சொல்வது முன் நாற்காலி வரைக்கும் கேட்டது. மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்வரிசைப் பிள்ளை முன்னால் வர, இவள் பின்னால் போக, இரண்டு பேரும் இடித்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. முன் நாற்காலிகளெல்லாம் சிரித்தன. என் மகள் திரும்பி, கை கொடுத்து அதைத் தூக்கி விட்டாள். ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை ஓரமாக ஒதுங்கி முன்னால் போனது. இவள் தன் வரிசைக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி நடத் தொடங்கினாள்.

என் பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சாய்ந்தார்.

"பாவம், அந்தப் பாப்பாவுக்கு ஸ்டெப்பு மறந்துபோச்சாட்ட இருக்குது."

மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் நானும் கூடச் சிரித்திருப்பேன். யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல உட்கார்ந்திருப்பேன். ஆனால் அப்போது அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"மறக்கலீங்க. எட்டுப் பேருல அவ ஒருத்திக்குத்தானுங்க ஞாபகம் இருக்குது. அது எம்பட புள்ள."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் மண்டபத்தில் சிரிப்பு நிற்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், சிரிப்பு இரண்டு விதமாக இருந்தது. முன்னால் இருந்தவர்கள் என் மகளைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண்கள் மற்ற ஏழு பேரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏன்டி, அந்த ஏழும் யாரு வயல்ல நடவு பழகுச்சுங்களாமா?"

"எந்த வயலோ, நான் அந்தப் பக்கமே வல்ல சாமி."

"அந்த ஒத்தைப் புள்ளைய மட்டும் நாளைக்கு நம்ம கூடக் கூட்டீட்டுப் போலாம்."

என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து நின்றிருந்தாள். பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது, பின்னால் சுவர்தான்.

பாட்டு முடிந்தபோது ஏழு பேர் மேடையின் விளிம்பில் கையைத் தூக்கி போஸ் கொடுத்து நின்றார்கள். என் மகள் மேடையின் பின்னால், தென்னைமரங்களுக்கு நடுவில் இருந்தாள். அவளுக்கு முன்னால் ஆறு குத்து நாற்று, நூல் பிடித்தமாதிரி நின்றது. ஐப்பசியில் நட்ட வரிசையைவிட நேர். போட்டோக்காரர் ஒரு தடவை கிளிக் செய்தார். கடைசி பெஞ்சில் கை தட்டினார்கள். முன்னாலும் ஒன்றிரண்டு பேர் தட்டினார்கள். என் கை வலிக்கும் வரை நான் தட்டினேன்.

மேடைக்குப் பின்னால் போனபோது நிலைமை வேறாக இருந்தது. இரண்டு மூன்று தாய்மார்கள் டீச்சரைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு வருடப் பயிற்சி வீணாகிவிட்டது, எங்கள் குட்டி விழுந்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டீச்சரின் முகம் சிவந்திருந்தது. என் மகள் தலை குனியாமல் நின்றிருந்தாள்.

"எல்லாரோடும் ஸாரி பறயூ மோளே" என்றார் டீச்சர்.

"இடிச்சதுக்கு அவகிட்ட அப்பவே சொல்லிட்டேனுங்க டீச்சர்."

"ஸ்டெப் மாத்தினதுக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். மாடியில் அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை. இந்தத் தடவை என் கையில் கேன் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"அதுக்கு மட்டும் எம்பட புள்ள மன்னிப்புக் கேக்காதுங்க டீச்சர். நடவுல யாரும் முன்னால போறதில்லீங்க. அவ செஞ்சதுதானுங்க சரி. தப்பு எம்மேலதான். நீங்க அன்னைக்கு என்னைக் கேட்டீங்க, தப்பு உண்டான்னு. நான் இல்லைன்னு பொய் சொல்லிப்போட்டேன். மன்னிப்பு வேணுமுன்னா நான் கேக்கறேனுங்க."

பேங்க் அம்மா ஏதோ சொல்ல வந்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கே பறஞ்சிருந்தா நான் மாத்தியிருப்பேனே. குட்டி சொன்னப்ப, குட்டி தானே, ஏதோ சொல்லுதுன்னு நெனச்சேன். அச்சன் வந்து நிக்கறப்போ கேட்டேனே. நீங்க தானே சரின்னு சொன்னது?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "ஞாயிறுதோறும் பஸ்ஸுல வரும்போது ஜன்னல் வழியா பாக்கறதுதான். வரிசையா குனிஞ்சு நிப்பாங்க. எந்தப் பக்கம் நகரறாங்கன்னு நான் பாத்ததே இல்ல. பஸ் போயிடுமே."

ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். உடனே நிமிர்ந்து, "பக்ஷே எட்டுப் பேரு சேர்ந்து ஆடறப்போ ஒருத்தி மாத்தினா மத்தவங்களுக்குக் கஷ்டம். அடுத்த வருஷம் மோள் மரம்தான்" என்றார்.

"பரவால்லீங்க டீச்சர். மரம்னா யாரும் முன்னால போகச் சொல்ல மாட்டாங்களே" என்றாள் என் மகள்.

டீச்சர் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தாய்மார்களில் இரண்டு பேர் இன்று வரைக்கும் எங்களோடு பேசுவதில்லை. அது அவர்கள் இஷ்டம்.

வீட்டுக்குப் போகும்போது மொபெட்டில் கேட்டேன். "வேணும்னேதான் செஞ்சயா கண்ணு? மொதல்லயே நெனச்சு வெச்சிருந்தயா?"

"இல்லீங்கப்பா. முன்னாலதான் போகோணும்னு நெனச்சேன். நாத்து நின்னுச்சுங்களா, கால் போகலீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். காகிதமாக இருந்திருந்தால் அவள் முன்னால் போயிருப்பாள். நானும் கை தட்டியிருப்பேன். எங்கள் வீட்டில் ஒரு பொய் நிலையாக உட்கார்ந்திருக்கும்.

மண்டபக்காரர்கள் மேடையைக் கூட்டுவதற்கு முன்னாலேயே மனைவி போய் நாற்பத்தெட்டுக் குத்தையும் பொறுக்கி எடுத்து வந்துவிட்டாள். மிதிபட்டது, மிதிபடாதது என்று அவள் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் தொட்டிப் பக்கத்திலேயே நட்டாள். நசுங்கியதில் பாதிக்கு மேல் பச்சை பிடித்துக்கொண்டது. நெல்லுக்கு நம்மைப்போலக் கோபம் கிடையாது.

போட்டோக்காரரிடம் அந்தப் படத்தைக் கேட்டேன். "உங்க பாப்பா அதுல சரியா விழலீங்களே, பின்னால சின்னதாத் தெரியுது. வேற நல்ல படம் தரட்டுங்களா?" என்றார். அதுதான் வேண்டும் என்று வாங்கி, கண்ணாடி போட்டு, கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் மாட்டினேன். முன்னால் ஏழு பிள்ளைகள் கையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். அவர்கள் காலடியில் பச்சையும் மண்ணுமாகக் குழம்பிக் கிடக்கிறது. பின்னால் தூரத்தில் ஒருத்தி குனிந்திருக்கிறாள். முகம்கூடச் சரியாகத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்க பாப்பா மட்டும் ஏனுங்க பின்தங்கிட்டா?" என்று கேட்பார்கள். "கீழே பாருங்க" என்பேன். சிலருக்குப் புரியும், சிலருக்குப் புரியாது. விளக்கம் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

டீச்சர் அவளை மரமாக்கவில்லை. இந்த வருடத் தீம் கடல். கடலைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் மகள் டீச்சர் சொல்கிறபடியே வலை வீசுகிறாள், துடுப்புப் போடுகிறாள். முதல் நாள் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாளாம். "வலை வீசறவங்க யாரையாச்சும் கேட்டீங்களா டீச்சர்?" டீச்சர் தாளம் தட்டுவதை நிறுத்திவிட்டு, இல்லை, கேட்கவில்லை, அடுத்த ஞாயிற்றுக்குள் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றாராம்.

பிள்ளைகளே, பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், யார் முன்னாலும். நான் ஒரு தடவை சொன்னேன், அதைத் திருப்பி எடுக்க ஒரு சின்னப் பிள்ளை மண்டபம் நிறையச் சிரிப்பைத் தாங்க வேண்டி வந்தது. இன்றைக்கும் எல்லோரும் போகிறார்கள், நீயும் போ என்று யாராவது சொன்னால், நான் அந்த எல்லோரையும் பார்ப்பதில்லை, முதலில் என் காலுக்கு அடியில் என்ன நிற்கிறது என்று பார்க்கிறேன்.